பிரியாவுக்கு ஒரு நாடு

11-6-1996, செவ்வாய்.
இன்றைய பிழை: பிரியாவுக்கு எழுதிக்கொடுத்த அட்டவணையில், ஜெர்மனி என்ற வரிசையில், 'மொழித் தேர்வை இங்கேயே முடித்திருந்தால்தான் விண்ணப்பிக்கலாம்' என்று எழுதிவிட்டேன். போய்ச் சேர்ந்த பிறகு அங்கேயே படித்து எழுதலாம் என்பதுதான் சரி. கவனக்குறைவு.
நாளை: பஸ் பாஸ் புதுப்பிக்க வேண்டும்.

சாந்தாமணி எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தாள். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. 'கவனக்குறைவு' என்ற சொல் மட்டும் சோற்றில் கிடந்த கல்லைப்போலப் பல்லில் பட்டது. அதை அடித்துவிடலாமா என்று யோசித்தாள். அடித்தால் அந்த இடத்தில் வேறொரு சொல்லை எழுத வேண்டும். அது எந்தச் சொல் என்று தெரிந்திருந்ததால் பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

அவளுக்கு இருபத்துநான்கு வயது. பகலில் சிங்காநல்லூரில் ஒரு நூல்மில்லின் டெஸ்டிங் ரூமில் வேலை. மாலையில் ஆர்.எஸ்.புரத்தில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே, மாடியறையில் நடக்கும் ஜெர்மன் வகுப்பு. வகுப்பெடுக்கும் அம்புஜம் டீச்சர் கணவரோடு ஒன்பது வருஷம் அந்த நாட்டில் இருந்துவிட்டு வந்தவர். முதல் மாதமே எல்லோருக்கும் ஒரு வழக்கம் சொல்லி வைத்தார். தினமும் டைரியில் இரண்டே விஷயம் எழுத வேண்டும். இன்று செய்த ஒரு பிழை, நாளை செய்ய வேண்டிய ஒரு வேலை. முதலாவதில் இறந்தகாலம் பழகும், அடுத்ததில் எதிர்காலம் பழகும். கூடப் படித்தவர்கள் இரண்டு வாரத்தில் விட்டுவிட்டார்கள். சாந்தாமணி இரண்டு வருஷமாக ஒரு நாள் விடாமல் எழுதிவந்தாள். போன தீபாவளிக்குப் பிறகு ஜெர்மனில் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தமிழுக்கு மாறிக்கொண்டாள். ஜெர்மனில் சொல்லத் தெரிந்த பிழைகளெல்லாம் அதற்குள் தீர்ந்துபோயிருந்தன.

வகுப்பில் சேர்வதற்குக் கொஞ்சம் முன்பிருந்தே அவள் சேர்த்துவைத்த இன்னொன்று ஓர் அட்டைப்பெட்டி நிறையப் பல்கலைக்கழகப் புத்தகங்கள். தபாலாபீசில் ஏர்மெயில் கடிதத்தாள் வாங்கி, மில்லில் சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்து, கையெழுத்து ஒரே சீராக விழும்படி எழுதி அனுப்புவாள். ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழித்துத் தடித்த உறை வரும். உள்ளே வழவழப்பான புத்தகம், விண்ணப்பத் தாள், அன்புள்ள செல்வி என்று தொடங்கும் ஒரு கடிதம். அவளை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. முதலில் நாலு நாடுகளுக்கும் எழுதினாள். அமெரிக்கா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா மூன்றும் படித்து முடித்த நாளிலேயே கைவிட்டுப் போயின. ஜெர்மனியில் படிப்புக்குக் கட்டணம் இல்லை என்றிருந்த வரியை மட்டும் மூன்று முறை படித்தாள். அடுத்த வாரமே மாடியறை வகுப்பில் சேர்ந்துவிட்டாள்.

மே மாதம் இருபதாம் தேதி, ஜவுளித் தொழில்நுட்ப மேற்படிப்பில் அவளுக்கு இடம் கிடைத்ததாகக் கடிதம் வந்தது. அதை அகராதிக்குள் வைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. விசாவுக்கு, அங்கே இருக்கும் காலத்துக்கு இவளுக்கு நான் பொறுப்பு என்று வசதியுள்ள ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அவளுடைய அப்பா தறிப்பட்டறையில் மேஸ்திரி. அவர் கையெழுத்துச் செல்லாது. செல்லக்கூடிய கையெழுத்து அவள் உறவில் ஒன்றே ஒன்றுதான். அது பாலுசாமிப் பெரியப்பாவுடையது. நகருக்குள்ளேயே கணபதியில் மோட்டார் கம்பெனி, ராமநாதபுரத்தில் மாடி வீடு. அவரிடம் கேட்கப் போகும் நாளை அவள் டைரியில் நாளை, நாளை என்று பதினோரு தடவை எழுதிவிட்டாள்.

அதற்குள் பெரியப்பாவின் மகள் மோகனப்பிரியா பி.இ. முடித்துவிட்டாள். மேலே படிக்க வெளிநாடு அனுப்புவதென்று அவர் வீட்டில் முடிவானது. எந்த நாடு என்பது மட்டும்தான் பாக்கி.

*

பிரியா வந்தால் சாந்தாமணியின் ஒண்டிப்புதூர் வீட்டின் முன்னறை சின்னதாகிவிடும். மூன்று வயது இளையவள். செருப்பைக் கழற்றி ஒன்றை இங்கேயும் ஒன்றை அங்கேயும் விட்டுவிட்டு நேராகச் சமையலறைக்குப் போய்ச் சட்டியைத் திறந்து பார்ப்பாள். மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாத பெண். அதுதான் சாந்தாமணிக்குத் தாங்க முடியாததாக இருந்தது. கொஞ்சம் திமிர் இருந்திருந்தால் வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம்.

ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தபோது கையில் ஒரு துணிப்பை இருந்தது. ஒரு மாதம் முன்பு இரவல் வாங்கிப்போன புத்தகங்கள். ஆஸ்திரேலியப் புத்தகத்தின் அட்டையில் காப்பி டம்ளர் வைத்த வட்டம். அமெரிக்கப் புத்தகத்தில் ஏரிக்கரைப் படம் இருந்த தாள் இல்லை. பிடித்திருந்ததால் அலமாரிக் கதவில் ஒட்டியிருப்பதாகச் சொன்னாள். சாந்தாமணி அந்தக் கிழிந்த ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே, பரவாயில்லை என்றாள்.

"அக்கா, நீயே ஒரு பேப்பர்ல கோடு போட்டு எழுதிக் குடுத்துரு. அப்பாவுக்கு அப்படிக் காட்டுனாத்தான் வெளங்கும். எனக்கு எல்லா ஊரும் ஒண்ணாத்தான் தெரியுது. பச்சப் புல்லு, செவப்புக் கட்டடம், சிரிச்சுக்கிட்டு நாலு பேரு."

சாந்தாமணிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு, அதற்காகவும் உள்ளே எரிந்தாள். அந்த நாலு பேருடைய முகமும் அவளுக்கு மனப்பாடம். சிவப்புக் கட்டடத்தில் எத்தனை ஜன்னல் என்று கேட்டால் சொல்லுவாள். எதையும் பார்க்காதவள் போகப் போகிறாள். எண்ணிவைத்தவள் கோடு போட்டுக் கொடுக்க வேண்டும்.

ஆனால் வேலை என்று வந்துவிட்டால் அவளால் அரைகுறையாகச் செய்ய முடியாது. திங்கட்கிழமை மாலை பெரிய தாளை விரித்து, ஸ்கேல் வைத்து, நாலு வரிசையும் ஒன்பது பத்தியும் கோடு போட்டாள். படிப்புக் காலம், எழுத வேண்டிய தேர்வு, குளிர், சாப்பாடு, தெரிந்தவர்கள் இருக்கிறார்களா, என்று ஒவ்வொன்றாக நிரப்பினாள். மூன்று நாடுகளை முடித்துவிட்டு ஜெர்மனிக்கு வந்தபோது பேனா நின்றது. கட்டணம் இல்லை என்று எழுதினாள். குளிர், இங்கிலாந்தைவிடக் கொஞ்சம் அதிகம் என்று எழுதினாள். மொழி என்ற பத்தி வந்தது. அந்த ஜெர்மன் புத்தகத்தின் நான்காம் பக்கம் அவள் கண்ணெதிரே திறந்து கிடந்தது. மொழி தெரியாதவர்கள் வந்து சேர்ந்த பிறகு ஒரு வருஷம் அங்கேயே படித்துத் தேர்வெழுதலாம் என்று அதில் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். அவள் அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டேதான் 'இங்கேயே முடித்திருந்தால்தான்' என்று எழுதினாள். எழுத்து மற்ற எழுத்துகளைப்போலவே சீராக விழுந்தது.

இரண்டு வருஷமாக மழையிலும் வெயிலிலும் இரண்டு பஸ் மாறிப் போய்ப் படித்த ஒன்று, பிரியாவுக்கு அங்கே போய் இறங்கிய பிறகு சொல்லிக்கொடுக்கப்படும் என்பதை அவளால் அந்தக் கட்டத்துக்குள் எழுத முடியவில்லை. ஆர்.எஸ்.புரம் மாடியறையும் அதன் ஓடாத மின்விசிறியும் அந்த ஒரு வரியில் ஒன்றுமில்லாமல் போய்விடும் போலிருந்தது.

செவ்வாய்க்கிழமை வகுப்பு முடிந்து, ராமநாதபுரத்தில் இறங்கி, தாளைக் கொடுத்துவிட்டு வந்தாள். வந்து டைரியில் கவனக்குறைவு என்று எழுதினாள்.

*

திருத்துவதற்கு நாள் இருந்தது. பெரியப்பா வீட்டில் போன் இருந்தது, மில் வாசலில் போன் பூத் இருந்தது. புதன்கிழமை அவள் பஸ் பாஸைப் புதுப்பித்துவிட்டு, நூல் சுற்றிய கோன் ஒன்றுக்கு லேபிள் மாற்றி ஒட்டியதைப் பிழையாக எழுதினாள். வியாழக்கிழமை வகுப்பில் டீச்சர் யாராவது டைரி படிக்கிறீர்களா என்று கேட்டபோது எழுந்து லேபிள் விஷயத்தை ஜெர்மனில் சொன்னாள். டீச்சர் பாராட்டினார். சாந்தாமணியின் பிழைகளெல்லாம் எவ்வளவு சின்னச் சின்னதாக இருக்கின்றன, பாருங்கள் என்றார். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். உட்கார்ந்தபோது காது சூடாக இருந்தது.

மில்லில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. நூலை மிஷினில் ஏற்றி, நீளம் அளந்து, எடை போட்டு, நூல் எவ்வளவு மெல்லியது என்று நம்பர் சொல்வதுதான் வேலை. அவள் இரண்டு விரலுக்கு நடுவே நூலை உருட்டிப் பார்த்தே நாற்பதாம் நம்பரா, நாற்பத்துநாலா என்று சொல்லிவிடுவாள். மிஷின் பிறகு அதையே சொல்லும். சூப்பர்வைசர் திருமூர்த்தி வெளியாட்கள் யாராவது வந்தால் அவளைக் கூப்பிட்டு, கண்ணை மூடச் சொல்லி, இரண்டு கோனைக் கையில் கொடுத்து வேடிக்கை காட்டுவார். "மிசினு ரிப்பேர் ஆனாக் கவலையே இல்லீங்க, எங்களுக்கு இந்த அம்மணியோட வெரலு இருக்குது" என்பார். அதைக் கேட்கும்போதெல்லாம், யாருக்கும் தெரியாத நாட்டில், யாரோ ஒருவர் முன்னால் கண்ணைத் திறந்துகொண்டே அதைச் செய்துகாட்ட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றும்.

வெள்ளிக்கிழமை பெரியம்மா மயிலாத்தாள் போன் செய்து மில் ஆபீசில் தகவல் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை குலதெய்வக் கோயிலுக்குப் பூக்கேட்கப் போகிறோம், சாந்தாமணியும் காலையில் வந்துவிட வேண்டும் என்று.

*

வெள்ளகோவிலுக்கு மேற்கே நாலு மைல் உள்ளே அந்தக் கோயில். பெரியப்பாவின் புதுக் காரில் போனார்கள். முன்னால் பெரியப்பாவும் டிரைவரும். பின்னால் பெரியம்மா, பிரியா, சாந்தாமணி. பல்லடம் தாண்டும்வரை பெரியம்மா அமெரிக்கா போன ஓர் உறவுக்காரப் பையன் எழுதிய கடிதத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். அங்கே கோழிக்கறிகூட இனிப்பாகச் செய்கிறார்களாம். அந்தப் பையன் நாலு மாதமாகத் தயிர்சோற்றில் பிழைக்கிறானாம். "தயிரு இருக்குதல்ல, பொறகென்ன" என்றார் பெரியப்பா, திரும்பாமலே.

கல்யாணம், புதுத் தொழில், கிணறு வெட்டுவது என்று எது வந்தாலும் அந்தக் குடும்பத்தில் அம்மனிடம் பூக்கேட்காமல் செய்ததில்லை. ஒரு இலையில் வெள்ளைப் பூ, ஒரு இலையில் சிவப்புப் பூ வைத்து, ஒரே மாதிரி மடித்து நாரால் கட்டி, அம்மன் காலடியில் வைத்து, ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் வேண்டாம். கம்பெனி ஆரம்பித்தபோது வெள்ளை வந்ததாம். அப்பா தன் பங்கு நிலத்தை விற்கப் போகிறேன் என்று வந்து கேட்டபோது சிவப்பு வந்ததாம். அப்பா கேட்காமல் விற்றுவிட்டார். இதைப் பெரியப்பா வருஷத்துக்கு ஒரு முறையாவது சொல்லுவார்.

அவர் சட்டைப் பையிலிருந்து சாந்தாமணியின் தாளை எடுத்து, நாலாக மடித்திருந்ததை விரித்துப் பூசாரிக்குக் காட்டினார். பூசாரி அதை மரியாதையோடு தூரத்திலிருந்து பார்த்தார்.

"எந்தம்பி பொண்ணு எழுதுனதுங்க. பேப்பர் சொல்றது பாதி. மீதிய ஆத்தா சொல்லோணும்," என்றார் பெரியப்பா. ஜெர்மனி வரிசையின் மேல் குறுக்கே ஒரு பென்சில் கோடு போட்டிருந்ததை சாந்தாமணி பார்த்தாள். மூன்று நாட்டுக்கும் ஒவ்வொன்றாகக் கேட்பது என்று முடிவானது. வழக்கமாக ஏதாவது சின்னப் பிள்ளை எடுக்கும். அன்று கோயிலில் இவர்களைத் தவிர யாருமில்லை. யாருக்காகக் கேட்கிறார்களோ அவர்கள் எடுக்கக் கூடாது.

"சாந்தாமணி எடுக்கட்டுங்க. கன்னிப்பொண்ணு, நம்ம ரத்தம். இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார் பெரியம்மா.

பூசாரி நந்தியாவட்டைப் பூவையும் செவ்வரளிப் பூவையும் தனித்தனிப் பூவரச இலைகளில் மடித்து வாழைநாரால் கட்டினார். இரண்டையும் கைக்குள் வைத்துக் குலுக்கி, தட்டில் போட்டு, அம்மன் காலடியில் வைத்தார். அமெரிக்கா என்று பெரியப்பா சொன்னார். அந்தச் சொல் அந்தக் கருவறை வாசலில் கொஞ்சம் வெட்கப்பட்டதுபோல ஒலித்தது. சாந்தாமணி கண்ணை மூடிக்கொண்டு கைக்குப் பட்டதை எடுத்தாள். பூசாரி பிரித்தார். சிவப்பு.

அதில் அவள் செய்தது ஒன்றுமில்லை. அதைப் பற்றி அவளுக்குச் சந்தேகம் இல்லை.

இரண்டாவது ஜோடி கட்டி வைத்தார்கள். இங்கிலாந்து. அவள் கையை நீட்டினாள். விரல் ஒரு பொட்டலத்தைத் தொட்டது. இலைக்கு அடியில் மெத்தென்று, கொட்டை நீக்கிய பஞ்சுபோல இருந்தது. பக்கத்தில் இருந்ததைத் தொட்டாள். அதற்குள் மெல்லிய காம்பு ஒன்று நெருடியது. செவ்வரளிக்குத்தான் பூசாரி காம்பை விட்டுவைத்திருந்தார், நந்தியாவட்டையில் கிள்ளியிருந்தார். அவள் தேடவில்லை. விரல் தானாகச் சொன்னது, மில்லில் சொல்வதைப்போல. எடுத்த பிறகு தெரிந்ததா, தெரிந்த பிறகு எடுத்தாளா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பூசாரி பிரித்தார். சிவப்பு. பெரியம்மா வாய்க்குள் ஏதோ சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மூன்றாவது முறை அவளுக்குத் தெரியும். ஆஸ்திரேலியா என்ற சொல் காதில் விழுந்தபோது அவளுடைய இரண்டு விரல்கள் இரண்டு பொட்டலங்களின் மேலும் ஒரு கணம் நின்றன. காப்பி வட்டம் நினைவுக்கு வந்தது. அலமாரிக் கதவில் ஒட்டிய ஏரிக்கரை நினைவுக்கு வந்தது. காம்பு நெருடியதை எடுத்தாள்.

சிவப்பு.

வேப்பமரத்தில் ஒரு கிளி கத்தியது. சாந்தாமணிக்குள் ஏதோ ஒன்று தண்ணீர் குடித்ததுபோலக் குளிர்ந்தது. யாரும் போகப் போவதில்லை. அவள் போகாவிட்டால் என்ன, பிரியாவும் போகப் போவதில்லை. அந்தக் குளிர்ச்சி எவ்வளவு இதமாக இருந்தது என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது.

பெரியப்பா தாளை மறுபடி விரித்தார். "உன்ற பேப்பர்ல நாலாவதா ஒண்ணு இருந்துச்சல்ல, கண்ணு? அதுக்கு ஏதும் வழி இருக்குதா? ஆத்தா மனசுல அது இருக்குதோ என்னமோ."

பூசாரி அவள் முகத்தைப் பார்த்தபடி நாலாவது ஜோடி இலைகளைக் கையில் எடுத்துவிட்டார். பிரியாவும் பார்த்தாள். பெரியம்மாவும் பார்த்தார். உள்ளே விளக்கு வெளிச்சத்தில் அம்மனின் வெள்ளிக் கண்களும் அந்தப் பக்கமாகவே இருந்தன.

"அதுக்குப் பாஷ தெரிஞ்சிருக்கோணுங்க, பெரியப்பா."

அவர் தலையை ஆட்டினார். பென்சில் கோடு போட்டவர் அவர்தானே. பூசாரி இலைகளைக் கீழே வைத்தார். திருநீறு கொடுக்கும்போது, மூன்றாவது ஜோடியில் பிரிக்காமல் மிஞ்சிய பொட்டலத்தை எடுத்தவள் கையிலேயே கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாமி படத்துக்கு வையுங்கள் என்றார். அவள் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

*

திரும்பும் வழியில் காங்கயத்தில் ஒரு பேக்கரி முன்னால் காரை நிறுத்தினார்கள். பெரியப்பா காரைவிட்டு இறங்கும்போதே முடிவைச் சொல்லிவிட்டார். மூன்று தடவை அம்மன் வேண்டாம் என்று சொன்ன பிறகு அதற்கு மேல் கேட்பது மரியாதையல்ல. ஆடி கழிந்ததும் பிரியாவின் ஜாதகத்தை வெளியே எடுத்துவிடலாம். தாராபுரத்தில் ஒரு இடம் இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. பெரியம்மா பதில் பேசவில்லை. சம்மதம் என்று அர்த்தம்.

பிரியாவும் சாந்தாமணியும் காருக்கு அந்தப் பக்கம் நின்று டீ குடித்தார்கள். பிரியா டம்ளரைக் காரின் மேல் வைத்தாள், எடுத்தாள், வேறு இடத்தில் வைத்தாள். திரும்பத் திரும்ப வைத்ததில் புதுப் பெயிண்டில் நாலு வட்டங்கள் விழுந்தன.

"தாராபுரத்துக்காரன் போட்டோ பாத்தயாக்கா? மீசைய மட்டும் தனியா எடுத்தாப்பல இருக்குது."

சாந்தாமணி சிரிக்கவில்லை. பிரியாவும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் ரோட்டில் போன கரூர் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா மொதல்ல ஜெர்மனிதான் சொன்னாரு, தெரியுமா? 'சாந்தாமணிக்கு அந்தப் பாஷ தெரியும், அவளுக்கும் சேத்துக் கையெழுத்துப் போட்டு ரெண்டு பேரையும் ஒண்ணா அனுப்பிச்சுப்போட்டா உனக்குச் சோறாக்கிப் போட ஒரு ஆளாச்சு'ன்னாரு. நான்தான் சண்ட போட்டேன், அக்கா என்ன சமையக்காரியான்னு. பொறகு உன்ற பேப்பரு வந்துச்சா, அதோட போச்சு."

சாந்தாமணியின் கையிலிருந்த டீயில் ஆடை படிந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையெழுத்து. இருபத்தேழு நாளாக எந்தக் கையெழுத்தைக் கேட்கப் பயந்து டைரியில் நாளை நாளை என்று எழுதினாளோ, அது கேட்காமலே வருவதாக இருந்திருக்கிறது. ஒரு தாளில் ஒரு கட்டத்தில் ஒரு வரி சரியாக எழுதியிருந்தால் போதும். ஆனால் அது வந்திருக்கும் விதம். சோறாக்கிப் போட. அவளுடைய இரண்டு வருஷமும், அகராதிக்குள் இருக்கும் கடிதமும், அன்புள்ள செல்வியும், எல்லாம் சேர்ந்து பிரியாவுக்கு ஓர் அரிசிச் சோறு.

"நீ வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்," என்றாள் பிரியா. "எனக்குத் தனியாப் போறதுன்னா உள்ளுக்குள்ள பயந்தாங்க்கா. ஆராச்சும் கேட்டா, சும்மா, ஸ்னோ பாக்கறதுக்குப் போறேன்னு சொல்லிக்கிட்டேன்."

பெரியம்மா கூப்பிட்டார். பிரியா டம்ளரைக் கொடுக்கப் போனாள். சாந்தாமணி கைக்குட்டையை எடுத்து, காரின் மேலிருந்த வட்டங்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். ஏன் துடைக்கிறோம் என்று தெரியாமலே நாலும் போகும்வரை துடைத்தாள்.

பல்லடம்வரை பிரியா அவள் தோளில் சாய்ந்து தூங்கினாள். தூங்கும்போது வாய் லேசாகத் திறந்துகொண்டது, சின்ன வயதில்போலவே. தோள் மரத்துப்போன பிறகும் சாந்தாமணி அசையவில்லை. அன்பால்தான் அசையாமல் இருக்கிறோம் என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தாள். அதுவும் முழுக்கச் சரியில்லை என்று பட்டது. இவள் தாராபுரம் போனால் தோளில் இந்தப் பாரம் இருக்காது, ஜெர்மனிக்குப் போனால் ஒவ்வொரு நாளும் இருக்கும் என்று உள்ளே ஒரு குரல் கூட்டிக் கழித்துக்கொண்டே வந்தது. அந்தக் குரலும் அவளுடையதுதான். மில்லில் எடை போட்டு நம்பர் சொல்லும் குரல்.

*

வீட்டில் இறக்கிவிட்டுப் போனபோது ஆறு மணி. குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அம்மா குடங்களை நிரப்பிக்கொண்டே, பூக்கேட்டதில் என்ன வந்தது என்று கேட்டாள். சிவப்பு என்றாள் சாந்தாமணி. மூன்றுக்குமா என்றாள் அம்மா. மூன்றுக்கும்தான். அம்மாவின் முகத்தில் ஒரு கணம் ஏதோ ஓடி மறைந்தது. உடனே, பாவம் அந்தப் பிள்ளை என்றாள். அந்த ஒரு கணத்தை சாந்தாமணி பார்த்துவிட்டாள். அது எங்கிருந்து தனக்கு வந்ததென்றும் தெரிந்தது.

உள்ளே போய் அட்டைப்பெட்டியை இறக்கி, ஜெர்மன் புத்தகத்தை எடுத்து, நான்காம் பக்கத்தைத் திறந்தாள். கட்டத்துக்குள் இருந்த வரிகள் அங்கேயே இருந்தன. அகராதியிலிருந்து மே மாதத்துக் கடிதத்தை எடுத்தாள். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாள். காலையில் பெரியப்பா கம்பெனிக்குக் கிளம்புவதற்கு முன்னால் போய்ச் சொன்னால் அவர் என்ன சொல்வார் என்று பார்க்க முயன்றாள். அம்மன் முன்னாலேயே பொய் சொன்னாயா என்று கேட்பார். அது ஒன்று. பிறகு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சரி, ரெண்டு பேருமாப் போங்க என்று சொன்னாலும் சொல்வார். சொல்லாமலும் போகலாம். பிரியா மட்டும் போகட்டும் என்றும் சொல்லலாம். அதைத்தான் அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நினைக்கப் போகும்போதெல்லாம் ஏரிக்கரைப் படம் ஒட்டிய அலமாரிக் கதவு வந்து மறைத்தது. அந்த ஏரி ஜெர்மனியில்கூட இல்லை.

டைரியை எடுத்து உட்கார்ந்தாள். கைப்பைக்குள் கடைசியாக மிஞ்சிய பொட்டலம் இருந்தது. அதை எடுத்து மேஜைமேல் வைத்தாள். இலையின் ஓரங்கள் சுருண்டு, நார் தளர்ந்திருந்தது. பிரிக்கவில்லை. விரலையும் வைக்கவில்லை. காற்றில் தாள் பறக்காமல் இருக்க அதையே தூக்கிப் பக்கத்தின் மூலையில் வைத்தபோது மட்டும் இலைக்கு அடியில் மெத்தென்று பட்டது. கையை எடுத்துக்கொண்டாள்.

16-6-1996, ஞாயிறு.
இன்றைய பிழை: செவ்வாய்க்கிழமை எழுதியது கவனக்குறைவு அல்ல. தெரிந்தே எழுதினேன். இன்று பெரியப்பா கேட்டபோதும் தெரிந்தே சொன்னேன்.

அடுத்த வரியை 'இரண்டாவது முறை பூ எடுத்தபோது' என்று தொடங்கி, அதற்கு மேல் எழுத வராமல், மூன்று வரிக்கு இடம் விட்டாள்.

நாளை: காலை ஏழு மணிக்கு, மில்லுக்குப் போவதற்கு முன், ராமநாதபுரம் போக வேண்டும். நான்காம் பக்கத்தையும் கடிதத்தையும் கொண்டுபோக வேண்டும். பிரியா எழுந்து வரும்வரை காத்திருந்து, அவள் இருக்கும்போதே சொல்ல வேண்டும்.